கரும்புக் காட்டிலிருந்து அமைதிப் பள்ளத்தாக்கு வரை

வெங்காய வேர்நுனியில் குரோமோசோம்கள் 16 என்பது பாடநூலில் எளிய செய்தி. ஆய்வுக்கூடத்தில் மூன்று பிற்பகல்கள் முயன்றும் எனக்குத் தெரிந்தவை செந்நிறத் தீற்றல்களே. நோபிள் வகைக் கரும்பிலோ அவை 80. நாணலில் வகைக்கு வகை மாறும். அவற்றைப் பொறுமையோடு ஆராய்ந்த ஓர் அம்மையார் நம் கோவையிலேயே பணியாற்றினார். அவரே ஜானகி அம்மாள்.

1897ஆம் ஆண்டு தலச்சேரியில் பிறந்து சென்னையில் பயின்றார். முறைமாப்பிள்ளையுடன் திருமணம் பேசப்பட்ட வேளையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக உதவித்தொகை கிடைத்தது, கப்பல் ஏறிவிட்டார். என் வீட்டில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். மணப்பேச்சால் படிப்பு நின்றுபோன என் அக்காளை எண்ணி, இந்த இடத்தில் சற்று நேரம் படிப்பை நிறுத்திவிட்டேன்.

1931இல் முனைவர் பட்டம். 1934இல் கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். நம் கரும்புக்கு இனிப்பூட்டியவரே இவர்தாம் என்று சிலர் எழுதுகின்றனர். அது சரியன்று. பார்பரும் வெங்கட்ராமனும் நாணலோடு கலந்து உருவாக்கிய கோ 205 கரும்பு 1918லேயே வயலுக்கு வந்துவிட்டது. கரும்பை மக்காச்சோளம் போன்ற தூரத்து உறவுகளோடு கலந்து, அக்கலப்பினங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்ததே அம்மையாரின் சாதனை. இல்லாத புகழ் அவருக்கு எதற்கு?

1939இல் மாநாட்டுக்காக எடின்பரோ சென்றவரைப் போர் அங்கேயே நிறுத்தியது. 1945இல் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் நூலை வெளியிட்டார். பின்னர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பேற்றார்.

அதன்பின் அவர் கண்டது வேறு இந்தியா. ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தொலைவில், அப்பகுதியில் எஞ்சியிருந்த ஒரே ஒரு மக்னோலியா மரத்தைத் தேடிப் போனார், அதுவும் எரிக்கப்பட்டிருந்தது. உணவுப் பெருக்கத்தின் பெயரால் காடுகள் வெட்டப்பட்ட காலம் அது. 1955இல் பிரின்ஸ்டன் கருத்தரங்கில் இதையும் உலக அறிஞர்முன் வைத்தார்.

நம் மேற்கு மலைக்கு அப்பால், பாலக்காட்டு எல்லையில், அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையைத் தடுத்து மின்னணை கட்ட முனைந்தபோது அம்மையாருக்கு வயது எண்பதை எட்டியிருந்தது. சுமார் 830 ஹெக்டேர் காடு நீரில் மூழ்கும் நிலை. எதிர்ப்புக் குரலோடு நில்லாமல், அக்காட்டுத் தாவரங்களின் குரோமோசோம் கணக்கெடுப்பிலும் இறங்கினார். முதுமை குறுக்கே நிற்கவில்லை.

1983இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.