வாட்டர்லூக் களத்தை வடித்த வில்லியம் சைபோர்ன்

நீலகிரியின் மேலைப் புறத்தே, கூடலூரினின்று நிலம்பூருக்கு இறங்கும் மலைநெறியில் நாடுகாணி என்பதோர் ஊர் உளது. பெயரே தன் பொருளை உரைக்கும். தேயிலைத் தோட்டங்களைக் கடந்து மலைவிளிம்பில் நின்று கீழே நோக்குவார்க்கு மலையாளத்துக் காடும் ஆறும் வயலும் ஒரே பார்வையில் அடங்கும். பெருமரங்கள் பாசிபோற் படர்ந்து தோன்றும். ஆறு வெள்ளிக் கம்பிபோல் நெளியும். மக்களோ கண்ணுக்கே புலப்படார். நிலத்தை இங்ஙனம் மேனின்று முழுதும் காண்டல் மலைவாணர்க்கு எளிது. போர்க்களத்து நிற்கும் வீரனுக்கு அஃது ஒருபோதும் இயலாதது. தன் எதிரே நிற்பவனையும் துப்பாக்கிப் புகையையும் அன்றி அவன் யாதும் அறியான். ஒரு பெரும்போரின் களத்தை, நாடுகாணியில் நிற்பார் கீழுள்ள நாட்டைக் காண்பதுபோல, யாவரும் குனிந்து நோக்கிக் காணுமாறு ஈயப் பாவைகளால் அமைத்து வைத்த ஒருவரின் வரலாற்றை இவண் வரைய எண்ணினோம். அவர் பெயர் காப்டன் வில்லியம் சைபோர்ன்.

அப்போர் 1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் பெல்ஜியத்து வாட்டர்லூ என்னுமிடத்து நிகழ்ந்தது. நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் கோமகன் நீலகிரியார்க்கு அயலார் அல்லர். குன்னூரை அடுத்துள்ள ஜெகதளாப் பாசறை 1860இல் அவர் பெயரையே பெற்று வெல்லிங்டன் ஆயிற்று. அவர் ஆர்தர் வெல்லெஸ்லி என்னும் இளந்தளபதியாயிருந்த காலத்தில், 1799இல் சீரங்கப்பட்டணத்துப் போரிற் கலந்துகொண்டு, பின்னர் வயநாட்டில் பழசிராசாவை எதிர்த்துப் படை நடத்தினார். கூடலூர்ப் பகுதியின் தென்கீழ் வயநாடு 1877 வரை மலையாள மாவட்டத்து வயநாட்டுத் தாலுகாவையே சேர்ந்திருந்தது. ஆதலின் இக்கதையிற் பின்னர் வரும் கோமகனாரை எம் மலைநாட்டு நண்பர்கள் ஓரளவு அறிந்தவராகவே கொள்ளலாம். சைபோர்னைத்தான் அறிமுகஞ் செய்தல் வேண்டும்.

சைபோர்ன் 1797இல் பிறந்தார். தந்தையார் ஒன்பதாம் காலாட்படைப் பிரிவில் அதிகாரி. மைந்தரும் இராணுவக் கல்லூரியிற் பயின்று அப்படையிலேயே சேர்ந்தார். ஆயின் வாட்டர்லூப் போரில் அவர் இருந்தாரல்லர். போர் முடிந்த பின்னரே, பிரான்சு நாட்டிற் காவலிருந்த படையோடு சேரச் சென்றார். தாம் காணாத ஒன்றைத் தம் வாழ்நாள் எல்லாம் காண முயன்றவர் இவர் என்பதை வாசகர் நினைவில் வைத்தல் நலம்.

இவருடைய கைத்திறன் முதலில் வெளிப்பட்டது நிலப்படம் வரைதலில். மேடுபள்ளங்களைத் தாளிற் காட்டுதல் அந்நாளிற் பெருஞ் சிக்கலாயிருந்தது. சாக்சனி நாட்டு லேமன் என்பார், சரிவு எத்துணைச் செங்குத்தோ அத்துணைத் தடித்த கோடுகளை நெருக்கி இட்டு அதனைக் கருமையாற் காட்டும் ஒரு முறையை வகுத்தார். குன்னூர் மலைப்பாதையின் சரிவு இம்முறையில் வரையப்படின் ஏறத்தாழ மை பூசினாற்போல் தோன்றும். உதகை ஏரிக்கரைப் புல்வெளி வெண்மையாய் நிற்கும். லேமனுடைய முறையைத் தழுவி 1822இல் ஒரு நூலும், 1827இல் நில அளவையையும் படவரைவையும் பற்றி மற்றொரு நூலும் சைபோர்ன் வெளியிட்டார். 1826 முதல் அயர்லாந்துப் படைத்தலைவரின் அலுவலகத்தில் துணை இராணுவச் செயலாளராக அமர்ந்தார். அமைதியான எழுத்து வேலை; பல ஆண்டு அதனிலேயே இருந்தார்.

1830இல், பிரித்தானியப் படைத்தலைவர் ஹில் பிரபு இவரிடம் ஒரு பணியை ஒப்புவித்தார். வாட்டர்லூக் களத்தின் மாதிரியொன்று செய்க என்பது கட்டளை. சைபோர்ன் எட்டுத் திங்கள் அக்களத்திலேயே, போரில் பெருங்குருதி சிந்திய லா ஹே சாந்த் என்னும் பண்ணை வீட்டிற் குடியிருந்து, நிலத்தை அடியடியாக அளந்தார். அளவை முடிந்ததும் வேறொரு வினா எழுந்தது. நிலம் இன்னது என்பது தெளிந்தது. அந்நிலத்தின் மேல் இன்ன பொழுதில் யார் யார் எங்கு நின்றார்? பதினைந்து ஆண்டுகட்கு முன் நிகழ்ந்ததை எங்ஙனம் அறிவது?

இதற்கு அவர் கண்ட வழி எளியது. ஆயினும் அதுவரை இத்துணைப் பெருமுயற்சியாக அதனை எவரும் செய்திலர். போரிற் பிழைத்திருந்த அதிகாரிகள் அனைவர்க்கும் திருமுகம் விடுத்தார். மாலை ஏழு மணியளவில், பிரஞ்சுப் பேரரசரின் மெய்காப்புப் படை முன்னேறித் தாக்கிய வேளையில், நுமது படைப்பிரிவு எவ்வமைப்பில் நின்றது, எதிரே நின்ற பகைவர் எவ்வமைப்பில் இருந்தார் என வினவி, உடன் விடுத்த படத்தில் அவற்றைக் குறித்து அனுப்புமாறு வேண்டினார். களத்தில் அன்று நின்ற பயிர் இன்னதென்பதையும் கேட்டார். விடைகள் நூற்றுக்கணக்கில் வந்தன. ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுத்தனர். அவற்றையெல்லாம் ஒப்புநோக்கி முரணானவற்றை விலக்கி உண்மை தேர்தல், ஓலைச்சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஆராய்ந்து நூல் பதிப்பிக்கும் புலவர்க்குரிய உழைப்பை ஒத்தது. தமிழ் பயிலும் எமக்கு இவரிடத்து அன்பு தோன்றியது இவ்விடத்திலேதான்.

இனி மாதிரியின் அமைப்பைக் கூறுவோம். நிலத்தின் அளவு, ஒரு மைலுக்கு ஒன்பது அடி. மைலொன்று 5,280 அடியாதலின், நிலம் ஏறத்தாழ அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. மனிதனையும் அதே அளவிற் சுருக்கினால் அவன் ஒரு கடுகினும் சிறிதே பெரியனாவான்; சீருடையும் படைக்கலமும் புலனாகா. ஆகவே பாவைகளை மட்டும் சற்றுப் பெரியனவாக, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்தினவாக வார்த்தனர். வெள்ளீயமும் காரீயமும் கலந்து வார்த்த அப்பாவை ஒவ்வொன்றும் இரண்டு வீரரைக் குறிக்கும். அன்று களத்தில் வெல்லிங்டன் பக்கம் ஏறத்தாழ 68,000 பேரும் நெப்போலியன் பக்கம் 72,000 பேரும் நின்றனர் என்பர். இவ்விரு படைக்கே 70,000 பாவை வேண்டும் என்பதை யாவரும் கணக்கிடலாம். இவையெல்லாம் நின்ற தரை ஏறத்தாழ 400 சதுர அடி. அதனைப் பல துண்டுகளாகச் செய்து இணைத்தனர்.

ஈயப் பாவையைப் போர்வீரனாக்கும் கலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே அச்சில் வார்த்தவை யாவும் இரட்டைப் பிள்ளைகளே. ஒருவன் தலையை மாற்றிக் கரடித்தோல் தொப்பி சூட்டினால் அவன் மெய்காப்பாளன் ஆவான்; கையை வளைத்து வாள் கொடுத்தால் அதிகாரி ஆவான்; பாவாடை போன்ற கட்டமிட்ட உடை தீட்டினால் ஸ்காத்லாந்தான் ஆவான்; கருநிறம் பூசினால் பிரன்சுவிக் நாட்டான் ஆவான். இக்காலத்தில் இதனைப் பொழுதுபோக்காகச் செய்வார் 54 மில்லிமீட்டர் உயரப் பாவைகளை எடுத்து, மூட்டில் அறுத்து, வேண்டியவாறு திருப்பி ஒட்டி, இடைவெளியை மெழுகு போன்ற சாந்தால் நிரப்பி, மயிரினும் மெல்லிய தூரிகையாற் பொத்தானும் வாரும் தீட்டுவர். நவராத்திரிக் கொலுவில் ஊர்வலம் வைப்பாரும், கிறிஸ்து பிறப்புக் குடிலில் இடையரை நிறுத்துவாரும் இவ்வின்பத்தைச் சிறிது அறிவர். ஆனால் கொலுவில் ஒரு பொம்மை இடம் மாறினால் யாருக்கும் வழக்கில்லை. சைபோர்னின் பாவைகள் மாறினால் ஒரு நாட்டின் புகழே மாறும். இடர் அங்கேதான் தோன்றிற்று.

முதல் இடர் பணம். 1833இல் அரசாங்கம் மாறிய பின் பொருளுதவி நின்றுபோயிற்று. பிறராயின் பாதிவேலையில் விட்டிருப்பர். சைபோர்ன் தம் கைப்பொருளையும் கடனையும் கொண்டு தொடர்ந்தார். மொத்தச் செலவு ஏறத்தாழ 3,000 பவுன் ஆயிற்று என்பர். சம்பளக்காரரான ஓர் இளநிலை அதிகாரிக்கு அது மலை.

இரண்டாம் இடரே பெரிது. மாலை ஏழு மணிக்குக் களத்தில் இரு படைகள் மட்டுமா நின்றன? பிரஷ்ய நாட்டுப் படைத்தலைவர் புளூக்கர், முன்னிரு நாளைத் தோல்வியையும் பொருட்படுத்தாது, வெல்லிங்டனுக்குக் கொடுத்த வாக்கின்படி சேற்றுவழியே படை நடத்தி வந்தார். மாலை நாலரை மணியளவில் பூலோ என்பாரின் படை நெப்போலியனின் வலப்புறத்தே வெளிப்பட்டுப் பிளான்செனுவா என்னும் சிற்றூரிற் பொருதது. நெப்போலியன் தம் மெய்காப்புப் படையின் ஒரு பகுதியை அங்கே விடுக்க நேர்ந்தது. ஏழு மணியை ஒட்டி வேறொரு பிரஷ்யப் படை வெல்லிங்டனின் இடப்புறத்தை வந்தடைந்தது. பொழுது சாய்வதற்குள் வந்துசேர்ந்த பிரஷ்யர் ஏறத்தாழ ஐம்பதினாயிரவர். சைபோர்ன் ஆங்கிலேய அதிகாரிகளை வினவியதோடமையாது பிரஷ்யரிடமும் வினவி, வந்த விடைகளின்படி அவர்தம் பாவைகளையும் களத்தில் நிறுத்தினார்.

கோமகனார்க்கு இது உவப்பாயில்லை. படைமுதல்வர் அலுவலகத்து இராணுவச் செயலாளர் பிட்ஸ்ராய் சாமர்செட் பிரபுவின் வாயிலாகவே செய்திகள் வந்தன. இவர் வாட்டர்லூவில் வெல்லிங்டன் அருகே நின்று தம் வலக்கையை இழந்தவர். பிரஷ்யரை அத்துணை முன்னே, அத்துணைத் தொகையினராய்க் காட்டின், வெற்றி கோமகனாருடையதன்று, வந்துதவியோருடையது எனக் காண்போர் கருதுவர் என்பதே எதிர்ப்பின் உட்கருத்து. வழக்கு ஒருநாளில் முடிந்ததன்று. ஆண்டுகள் பல நீண்டது. சைபோர்ன் தாம் திரட்டிய சான்றுகளை எடுத்துக் காட்டினார், பயனில்லை. இறுதியிற் பிரஷ்யப் பாவைகள் பல்லாயிரம் களத்தினின்று அகற்றப்பட்டன.

அகற்றியது அச்சத்தாலா, பொருள் முட்டுப்பாட்டாலா, தம் கணிப்பில் ஐயுற்றதாலா என்பது பற்றி வரலாற்றாசிரியர் இன்றும் ஒருமிப்பதில்லை. கோமகனார் வற்புறுத்தி அழித்தார் என்பார் உளர். சைபோர்ன் இடத்தையும் வேளையையும் தவறாக இணைத்தமை திருத்தப்பட்டதே என்பாரும் உளர். எம் கருத்து யாதெனின், இரண்டும் ஓரளவு உண்மையாயிருத்தல் கூடும். ஆயினும் இருபக்கச் சான்றையும் நாடிய ஒருவர் தம் கையாலேயே தாம் நிறுத்திய வீரரை ஒவ்வொருவராய்ப் பிடுங்கி எடுத்த காட்சி நெஞ்சை வருத்துகின்றது. நம் நாட்டில் செயங்கொண்டார் கலிங்கத்துப் பரணி பாடியபோது, அரசன் குலோத்துங்கனைப் புகழ்ந்தாரேனும், களத்துக்குச் சென்று வென்றவன் கருணாகரத் தொண்டைமான் என்பதை மறைத்தாரில்லை. அரசன் புகழ் அதனாற் குன்றவுமில்லை. இதனைக் கோமகனார்க்கு எடுத்துரைப்பார் அருகே இலர்போலும்!

மாதிரி 1838 அக்டோபரில் இலண்டனில் பிக்கடில்லி வீதியின் எகிப்திய மண்டபத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வந்து கண்டனர். அத்துணைப் பேர் ஈந்த ஷில்லிங்குகள் ஐயாயிரம் பவுனாகும். ஆயின் சைபோர்ன் செலவிட்ட பொருள் அவர் கைக்குத் திரும்பவில்லை. இதனால் மனம் தளர்ந்தாரோ எனில், இல்லை. போரின் பிற்பகல் தொடக்கத்தில் ஆங்கிலக் குதிரைப்படை பிரஞ்சுக் காலாட்படை மேற் பாய்ந்த பகுதியை மட்டும், முன்னையதிலும் பெரிய அளவில், இரண்டாம் மாதிரியாகச் செய்து 1844இற் காட்டினார். பரந்த களத்தை விட்டு ஒரு சிறு நிகழ்ச்சியை நெருங்கி நோக்கியதால், இதிற் குதிரையும் வீரனும் தனித்தனி உயிர் பெற்று நிற்கின்றனர். அவ்வாண்டிலேயே 1815ஆம் ஆண்டுப் போரின் வரலாற்றை இரண்டு தொகுதியாக வெளியிட்டார். பிரஷ்யரின் நடையும் பிளான்செனுவாச் சண்டையும் அந்நூலில் விரிவாகவே இடம் பெற்றன. ஈயத்தில் நிற்க இடமில்லாதார் ஏட்டில் நின்றனர்.

1840இற்றான் இவர் காப்டன் பதவி எய்தினார். அயர்லாந்து அலுவலை விட்டபின், இலண்டன் செல்சியில் இருந்த படைவீரர் பிள்ளைகளின் பள்ளியில் அலுவல் பார்த்து, 1849 ஜனவரியில் ஐம்பத்தோராம் அகவையிற் காலமானார். பிராம்ப்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

பெரிய மாதிரியை அவர் மறைந்தபின், 1851இல் இலண்டனின் படையதிகாரிகள் சங்கம் தன் காட்சிச்சாலைக்கு வாங்கிற்று. பின்னர் அது தேசியப் படை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அவ்வருங்காட்சியகம் இன்று அவர் இறுதியில் வேலைபார்த்த அதே செல்சியில் உள்ளது. இரண்டாம் மாதிரி லீட்சு நகரில் அரச படைக்கலச் சாலையில் உளது. அதிகாரிகள் அவருக்கு எழுதிய கடிதங்களிற் பலவற்றை அவர் மைந்தரும் படைத்தலைவருமான ஹெர்பர்ட் சைபோர்ன் 1891இல் நூலாக்கினார். வாட்டர்லூ பற்றி எழுதுவார் எவரும் இன்றும் அதனைத் திறவாது எழுதுவதில்லை. இராணுவக் கல்லூரிகளில் மணலால் நிலத்தை அமைத்து அதன்மேற் படைகளை நகர்த்திப் பாடஞ் சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு.

செல்சி செல்வார் பெரிய மாதிரியின் கிழக்கு ஓரத்தை உற்று நோக்குவாராக. பிளான்செனுவாவை நோக்கி நிற்கும் பிரஷ்யர் அங்கே சிலரே.