ரிப்பேர் பார்த்தும் ஓடாத குட்டி இயந்திரம்



போன மாதம் அறிவியல் வகுப்பில் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று சார் கேட்டார். நான்தான் முதல்ல எழுந்தேன். ஜேம்ஸ் வாட், கெட்டில் மூடியை ஆவி தூக்கியதைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்று ஒரே மூச்சில் சொல்லிட்டேன். இரண்டுமே சரியில்லை என்று சொல்லி சார் நூலக அலமாரியைக் காட்டினார். எனக்கு முகம் செத்துப் போச்சு. ஆனால் படித்த பிறகு கெட்டில் கதையை விட உண்மைக் கதை ரொம்ப நல்லா இருந்தது. அதான் எழுதுகிறேன்.

நீராவி இயந்திரம் வாட் பிறப்பதற்கு 24 வருஷம் முன்னாடியே ஓடிக்கொண்டிருந்தது. 1712-ல் இங்கிலாந்தில் தாமஸ் நியூகோமன் என்பவர் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க அதைச் செய்துவிட்டார். ஜேம்ஸ் வாட் 1736 ஜனவரி 19-ல் ஸ்காட்லாந்தில் கிரீனாக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா கப்பலுக்கு வேண்டிய சாமான்களும் கருவிகளும் செய்து விற்பவர். பையன் அடிக்கடி நோய்வாய்ப்படுவான், தலைவலி வேறு. அதனால் சின்ன வயதில் பாதிப் படிப்பு வீட்டிலேயே அம்மாவிடம்தான். அப்பாவின் பட்டறையில் அவனுக்கென்று தனியாகக் குட்டிக் கருவிகள் உண்டு.

1753-ல் அம்மா இறந்துவிட்டார். அப்பாவுக்கும் தொழிலில் நஷ்டம். 1755-ல் வாட் லண்டனுக்குப் போய் அளவுக் கருவிகள் செய்யும் வேலை பழகினார். ஒரே வருஷம்தான். உடம்பு தாங்காமல் ஊர் திரும்பி, கிளாஸ்கோ நகரத்தில் கடை போடப் பார்த்தார். ஏழு வருஷம் தொழில் பழகாதவன் இங்கே கடை வைக்கக் கூடாது என்று கைத்தொழில் சங்கத்தார் தடுத்துவிட்டார்கள். அப்போது கைகொடுத்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகம். ஜமைக்காவிலிருந்து கப்பலில் வந்த வானியல் கருவிகளை அவர் சுத்தம் செய்து சரியாக்கிக் கொடுத்திருந்தார். அந்த வேலையைப் பார்த்தவர்கள் 1757-ல் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு பட்டறை கொடுத்தார்கள். கருவிகளோடு இசைக்கருவிகளும் அவர் செய்வாராம். இசை ஞானம் துளிகூடக் கிடையாது, ஆனால் ஆர்கன் செய்திருக்கிறார்!

இனிமேல்தான் முக்கியமான விஷயம். பல்கலைக்கழகத்தில் வகுப்பில் காட்டுவதற்காக நியூகோமன் இயந்திரத்தின் குட்டி மாதிரி ஒன்று இருந்தது. அதன் சிலிண்டர் 2 அங்குல அகலம்தான். அது சரியாக ஓடவில்லை என்று லண்டன் வரைக்கும் ரிப்பேருக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தும் பிரயோஜனமில்லை. 1763-ல் பேராசிரியர் ஜான் ஆண்டர்சன் அதை வாட்டிடம் கொடுத்தார்.

அது எப்படி ஓடும் என்று சொல்லிவிடுகிறேன். பாய்லரிலிருந்து ஆவி சிலிண்டருக்குள் வரும். உடனே உள்ளே பச்சைத் தண்ணீரைத் தெளிப்பார்கள். ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். அந்த இடம் வெற்றிடமாகும். வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே அழுத்தும். அப்போது ஏற்றத்து மரம் மாதிரி மேலே இருக்கும் நீண்ட கட்டை சாய்ந்து மறுபக்கம் தண்ணீரைத் தூக்கும். மறுபடி ஆவி, மறுபடி தண்ணீர். அவ்வளவுதான்.

வாட் அதைக் கழற்றிப் பழுது பார்த்து மாட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் நாலைந்து தடவை மேலும் கீழும் போய்விட்டு நின்றுவிட்டது. பாய்லரில் தண்ணீர் கொதிக்கிறது, ஆவி மட்டும் போதவில்லை. நானாக இருந்தால் என் வேலை முடிந்தது, பொம்மையே இப்படித்தான் என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். வாட் கொடுக்கவில்லை. சுரங்கத்தில் பெரிசு ஓடும்போது அதே மாதிரி செய்த சிறிசு ஏன் ஓடவில்லை என்று யோசித்தார்.

இது நமக்குக் கணக்குப் பாடத்திலேயே இருக்கிறது. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்துக்கு மொத்தப் பரப்பு 6, கன அளவு 1. 10 செ.மீ. கனசதுரத்துக்குப் பரப்பு 600, கன அளவு 1000. அதாவது உள்ளே இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் சிறிசுக்குத்தான் 10 மடங்கு தோல். அண்டாவில் இருக்கும் வெந்நீரை விட டம்ளரில் இருப்பது சீக்கிரம் ஆறுவது இதனால்தான். குட்டி சிலிண்டர் தண்ணீர் பட்டதும் முழுசாகக் குளிர்ந்துவிடும். அடுத்து வரும் ஆவியில் பெரும்பகுதி அதை மறுபடி சூடாக்கவே செலவாகிவிடும்.

அதோடு வாட்டுக்கு இன்னொன்றும் புரிந்தது. பெரிய இயந்திரமும் இதே தப்பைத்தான் செய்கிறது. சுரங்க வாசலில் நிலக்கரி மலிவாகக் கிடைப்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஓடாத பொம்மைதான் ஓடுகிற இயந்திரத்தின் குறையைக் காட்டிக்கொடுத்தது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வாட் ஒவ்வொன்றாக அளந்தார். ஆவி தன்னைப் போல ஆறு மடங்கு எடையுள்ள தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, பேராசிரியர் ஜோசப் பிளாக்கிடம் போய்க் கேட்டார். அவர்தான் உள்ளுறை வெப்பத்தைக் கண்டுபிடித்தவர், அவர் விளக்கினார். ஆனாலும் வழி தெரியவில்லை. சிலிண்டர் சூடாக இருந்தால் ஆவி வீணாகாது, குளிர்ந்தால்தான் வெற்றிடம் வரும். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்? இப்படியே இரண்டு குளிர்காலம் போனது. 1765 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ புல்வெளியில் நடக்கும்போது யோசனை வந்தது. ஆவியைப் பக்கத்தில் உள்ள வேறொரு பாத்திரத்துக்கு இழுத்து அங்கே குளிர வைத்தால் என்ன? சிலிண்டர் எப்பவும் சூடாகவே இருக்குமே! மருத்துவர்கள் பயன்படுத்தும் பித்தளை ஊசிக்குழாயைச் சிலிண்டராக வைத்துச் செய்து பார்த்தார். வேலை செய்தது.

உடனே பணக்காரர் ஆகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். 1769-ல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் பெரிய சிலிண்டரைக் காற்று கசியாமல் உருண்டையாகக் கடைய ஆளில்லை. குடும்பத்துக்காகக் கால்வாய்க்கு நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். 1773-ல் மனைவி மார்கரெட் பிரசவத்தில் இறந்தபோது கூட அவர் அளவை வேலையாக வெளியூரில்தான் இருந்தார். கூட்டாளியும் திவாலானார்.

1774-ல் பர்மிங்காம் போய் மேத்யூ போல்டனுடன் சேர்ந்தார். ஜான் வில்கின்சன் பீரங்கி துளைக்கச் செய்த எந்திரம் சிலிண்டர் கடையவும் உதவியது. 1776-ல் இயந்திரங்கள் ஓடின. ரிப்பேர் பார்த்ததிலிருந்து 12 வருஷத்துக்கு மேல்! நிலக்கரியில் முக்கால் பங்கு மிச்சம். மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை அவர்கள் கூலியாக வாங்கினார்கள். குதிரையோடு ஒப்பிட்டுச் சொல்ல குதிரைத்திறன் கணக்கையும் வாட்தான் போட்டார். நம்ம ஊர் பம்புசெட்டில் 5 எச்.பி. என்று இருப்பது அவர் கணக்கு. ஃபேனில் வாட் என்று இருப்பது அவர் பேர்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர் மேல் கோபம். அவரிடம் வேலை பார்த்த வில்லியம் முர்டாக் 1784-ல் மூன்று சக்கரம் வைத்து, தானே ஓடும் குட்டி நீராவி வண்டி செய்தார். வாட்டுக்கு அழுத்தம் கூடிய ஆவி என்றாலே பயம், பாய்லர் வெடிக்கும் என்று. சுரங்க வேலை கெடும் என்றும் நினைத்தார். 1786-ல் முர்டாக் காப்புரிமை வாங்க லண்டன் கிளம்பியபோது, வழியில் எக்ஸிடர் ஊரில் போல்டன் அவரைப் பார்த்துப் பேசித் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு குட்டி மாதிரியால் பெரிய ஆளானவரே இன்னொருவரின் குட்டி மாதிரியை மதிக்கவில்லை. வாட்டின் காப்புரிமை 1800-ல் முடிந்தது. 1804-ல் வேல்ஸ் நாட்டில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் இயந்திரம் தண்டவாளத்தில் 10 டன் இரும்பை இழுத்தது. அவர் பயன்படுத்தியது அழுத்தம் கூடிய ஆவியைத்தான்.

வாட் 1800-ல் ஓய்வு பெற்றார். பிறகும் வீட்டு மாடி அறையில் சிலைகளை நகலெடுக்கும் எந்திரம் என்று ஏதாவது செய்துகொண்டே இருந்தார். 1819 ஆகஸ்ட் 25-ல் 83 வயதில் காலமானார். அந்த அறையின் சாமான்களை 1924-ல் அப்படியே லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

ஓடாத அந்தக் குட்டி இயந்திரம் கிளாஸ்கோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பார்த்து வரைந்து பக்கத்துத் தாளில் ஒட்டியிருக்கேன். பச்சைத் தண்ணீர் வரும் குழாய்க்கு நீல மை, ஆவிக்குச் சிவப்பு மை.