கோப்பி இலையில் நோயைத் தேடிய அறிஞர் – ஹரி மார்ஷல் வோர்ட் (1854 – 1906)

மாணவர்களே, இலங்கையில் கோப்பிச் செய்கை ஏன் வீழ்ச்சியடைந்தது என்று கேட்டால், இலைநோய் என்ற ஒரு சொல்லோடு விடையை முடித்துவிடுவோர் பலர். அந்நோய் யாது, எவ்வாறு பரவியது, அதனைக் கண்டறிந்தவர் யார் என்பவற்றை விளங்கிக்கொண்டால் வரலாறு, விஞ்ஞானம், விவசாயம் ஆகிய மூன்று பாடங்களுக்கும் அது பயன்படும்.

பிறப்பும் கல்வியும்

ஹரி மார்ஷல் வோர்ட் 1854 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹியர்போர்ட் நகரில் ஓர் இசைக் கலைஞரின் மகனாகப் பிறந்தார். இலண்டனில் பேராசிரியர் ஹக்ஸ்லியின் விரிவுரைகளைக் கேட்டார். பின்னர் மன்செஸ்டரிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் கற்று, 1879 இல் இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். தொடர்ந்து ஜேர்மனிக்குச் சென்று தாவரவியல் அறிஞர் சாக்ஸிடம் பயின்றார்.

இலங்கையின் நிலை

அக்காலத்தில் மலைநாட்டில் கோப்பியே முதன்மைப் பயிராக இருந்தது. 1870களின் இறுதியில் 2,50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் அது பயிரிடப்பட்டிருந்தது. காடுகள் அழிக்கப்பட்டு, மலைக்கு மலை கோப்பி மட்டுமே நின்றது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் சீவியமும் இச்செடியையே நம்பியிருந்தது.

1869 இல் மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருப்பது அவதானிக்கப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றைப் பரிசோதித்த பேர்க்லி, இதற்குக் காரணமான பங்கசுக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். ஆயினும் நோயின் வாழ்க்கை வட்டம் தெளிவாகவில்லை. மண் வளம் குன்றியமையே காரணம் என்றனர் சிலர். காலநிலையே காரணம் என்றனர் வேறு சிலர். பசளையை அள்ளிப் போட்டும் இலைகள் உதிர்ந்துகொண்டே இருந்தன.

வோர்ட்டின் ஆய்வுகள்

இந்நிலையில் 1880 இல் அரசாங்கம் இளைஞரான வோர்ட்டை இலங்கைக்கு அழைத்தது. இரண்டு ஆண்டுகள் பேராதனையைத் தளமாகக் கொண்டு அவர் ஆய்வு நடத்தினார். அவர் நிறுவிய முக்கிய விடயங்கள் வருமாறு:

1. செம்மஞ்சட் பொடி என்பது பங்கசின் வித்திகளாகும். அவை முளைப்பதற்கு இலையில் நீர்த்துளி இருத்தல் வேண்டும்.
2. முளைத்த வித்தி இலையின் அடிப்பக்கத்திலுள்ள இலைவாய்களினூடாக உட்புகுகிறது. உள்ளே வளர்ந்து மீண்டும் வித்திகளை வெளியிடுகிறது.
3. வித்திகள் காற்றினால் பரவுகின்றன. கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, அவற்றில் ஒட்டிய வித்திகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து இதனை உறுதிசெய்தார்.
4. பசளையிட்டால் செடி புதிய இலைகளைத் துளிர்த்துச் சிறிது காலம் தாக்குப்பிடிக்கும். ஆனால் பசளை நோயைத் தடுக்காது.
5. பங்கசு உட்புகுந்த பின் மருந்து பூசுவதனால் பயன் இல்லை. உட்புகுமுன்னரே இலையைப் பாதுகாத்தல் வேண்டும்.

இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையே நோய் இவ்வளவு வேகமாகப் பரவக் காரணம் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். காற்றை மறிக்கக் காடும் இல்லை; இடையில் வேறு பயிரும் இல்லை. ஒரு தோட்டத்தில் எழுந்த வித்தி அடுத்த தோட்டத்தில் தனக்கு வேண்டிய இலையையே கண்டது.

தோட்ட உரிமையாளர்கள் அவரிடம் எதிர்பார்த்தது ஒரு மருந்தை. அவரால் கொடுக்க முடிந்தது நோய்க்கான விளக்கம் மட்டுமே. எனவே அவர்கள் ஏமாற்றமடைந்தனர். போர்தோ கலவை என்னும் பங்கசுநாசினி பிரான்சில் அறிமுகமானதும் 1885 இலேயே. அதற்குள் கோப்பி கைநழுவிவிட்டது. 1884 இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைமாறின; தொழிலாளர்களின் கூலி நிலுவையில் நின்றது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் ஆரம்பித்த தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது.

பிற்காலப் பணிகள்

1882 இல் நாடு திரும்பிய வோர்ட், 1887 இல் அவரையினத் தாவரங்களின் வேர்ச் சிறுகணுக்கள் பற்றிய ஆய்வை வெளியிட்டார். வெளியிலுள்ள ஒரு நுண்ணங்கி வேர்மயிரினூடாக உட்புகுவதனாலேயே சிறுகணுக்கள் தோன்றுகின்றன எனக் காட்டினார். அதனை ஒரு பங்கசு என்றே அவர் கருதினார். அது பற்றீரியா என்பதை 1888 இல் பெய்ஜெரிங்க் நிறுவினார். வளிமண்டல நைதரசன் பயிருக்குக் கிடைக்கும் வழி இதுவே. நமது திருகோணமலை மாவட்டத்தில் பயறு, கௌபி, நிலக்கடலை பயிரிட்ட நிலம் வளம் பெறுவதும் இதனாலேயே.

1888 இல் றோயல் சங்கத்தின் அங்கத்தவராகவும், 1895 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியற் பேராசிரியராகவும் ஆனார். 1906 இல் தமது 52 ஆவது வயதில் காலமானார்.

நாம் அறிய வேண்டியது

பசளை பயிருக்கு உணவு; அது நோய்க்கு மருந்தன்று. இலை மஞ்சளானால் அது போசணைக் குறைபாடா, நோயா என முதலில் பிரித்தறிய வேண்டும். கந்தளாயிலோ தம்பலகாமத்திலோ நெல்லில் எரிபந்த நோய் கண்ட வயலுக்கு மேலும் யூரியா இட்டால் நோய் கூடுமேயன்றிக் குறையாது. கோப்பித் துருநோயும் இன்றுவரை அழிந்துவிடவில்லை. 1970 இல் பிரேசிலிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. நோய்க்கு முந்திக் கொள்வதே பயிர்ப் பாதுகாப்பு என்பதை வோர்ட்டின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

பயிற்சி வினாக்கள்

1. கோப்பி இலைநோயை ஏற்படுத்திய பங்கசின் பெயர் யாது?
2. வித்திகள் காற்றினால் பரவுவதை வோர்ட் எவ்வாறு உறுதிசெய்தார்?
3. தனிப்பயிர்ச் செய்கை நோய் பரவலுக்கு உதவியமைக்கு இரு காரணங்கள் தருக.
4. கோப்பியின் வீழ்ச்சியால் ஏற்பட்ட பொருளாதார, சமூக விளைவுகள் மூன்றினைக் குறிப்பிடுக.