மருந்தின் அளவறிந்தவர் – பெஞ்சமின் ராபின்ஸ்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே, புனித டேவிட் கோட்டையின் சிதைவுகள் கிடக்கின்றன. 1690ஆம் ஆண்டில் செஞ்சியை ஆண்ட மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இக்கோட்டையை விலைக்கு வாங்கியபோது, அதனோடு சேர வேண்டிய நிலத்தின் எல்லையைக் குறிக்க ஒரு விந்தையான முறை கையாளப்பட்டது. கோட்டையிலிருந்து பல திசைகளிலும் பீரங்கி சுடப்பட்டது. குண்டு எட்டிய தொலைவு வரையிலான ஊர்கள் யாவும் கம்பெனியின் உடைமையாயின. குண்டு கிராமங்கள் என்று அவை பெயர் பெற்றன. ஒரு குண்டு எவ்வளவு தொலைவு போகும், ஏன் அவ்வளவே போகும் என்று அன்று சுட்டவர்களும் அறியார். நிலத்தை விற்றவர்களும் அறியார். அறுபது ஆண்டுகள் கழித்து அதே கோட்டைக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். அந்த வினாவுக்கு உலகில் முதன்முதலாகச் சோதனை வழியே விடை கண்ட அம்மனிதரின் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்.

ராபின்ஸ் 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தார். தந்தை ஓர் ஏழைத் தையற்காரர். பெற்றோர் குவேக்கர் சமயப் பிரிவினர். போரையும் ஆயுதத்தையும் அறவே விலக்கும் பிரிவு அது. அத்தகைய குடும்பத்தில் பிறந்த பிள்ளையின் பெயர் பிற்காலத்தில் துப்பாக்கியோடும் பீரங்கியோடும் பிரிக்க இயலாதவாறு பிணைந்து போனது வாழ்க்கையின் விந்தைகளுள் ஒன்று எனலாம்.

முறையான பல்கலைக்கழகக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் கணிதத்தில் அவருக்கிருந்த இயல்பான ஆற்றலைக் கண்ட நண்பர்கள் அவருடைய எழுத்துகளை இலண்டனில் இருந்த மருத்துவர் ஹென்றி பெம்பர்ட்டனுக்கு அனுப்பி வைத்தனர். நியூட்டனின் 'பிரின்சிப்பியா' நூலின் மூன்றாம் பதிப்பைச் செப்பனிட்டவர் பெம்பர்ட்டன். அவர் சில கணக்குகளைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார். இளைஞரின் விடைகள் அவரை வியக்க வைத்தன. இலண்டனுக்கு வந்த ராபின்ஸ், 1727இல் தம் இருபதாம் வயதளவிலேயே இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். கணிதம் கற்பித்துப் பிழைத்தார். பாலங்கள், ஆலைகள், துறைமுகங்கள், சதுப்பு நில வடிகால்கள் ஆகியவற்றின் பொறியியலையும் பயின்றார். பிளாண்டர்ஸ் நாட்டுக்குச் சென்று கோட்டை அரண்களை ஆராய்ந்தார். நியூட்டனின் நுண்கணிதத்தைப் பிஷப் பெர்க்லி தாக்கி எழுதியபோது, 1735இல் அதற்கு மறுப்பாக ஒரு நூல் வெளியிட்டார். 1739இல் ஐரோப்பாவின் தலைசிறந்த கணித மேதையான ஆய்லரின் இயக்கவியல் நூலையே குறை கூறி எழுதினார். எவருக்கும் அஞ்சாத கூரிய பேனா அவருடையது.

அந்தப் பேனாவே அவருக்கு இடையூறும் ஆயிற்று. தலைமை அமைச்சர் வால்போலின் ஆட்சியைத் தாக்கி அவர் அரசியல் துண்டு நூல்கள் எழுதினார். 1741இல் வுலிச் நகரில் இராணுவக் கல்விக்கழகம் நிறுவப்பட்டபோது, அங்கே பேராசிரியராக அமரலாம் என்று எதிர்பார்த்துப் பீரங்கிக் கலை பற்றிய பாடங்களை ஆயத்தம் செய்தார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. ஏமாற்றமடைந்த ராபின்ஸ் தம் குறிப்புகளைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அவற்றை விரித்து 1742இல் 'பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள்' என்ற பெயரில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். பதவி கிடைத்திருந்தால் ஒரு வகுப்பறைக்குள் அடங்கியிருக்கக்கூடிய கருத்துகள், பதவி கிடைக்காமையால் ஐரோப்பா முழுவதும் பரவின.

அக்காலத்தில் துப்பாக்கி சுடுவோரின் அறிவு முழுவதும் பழக்கத்தால் வந்தது. ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்து உருண்டை செய்வர். குழலின் வாய் வழியே கருமருந்தைக் கொட்டி, மேலே குண்டை இட்டு, கோலால் இடித்து இறுக்குவர். எவ்வளவு மருந்து என்பதற்குக் கைப்பழக்கமே அளவு. மருந்து மிகுந்தால் குண்டு தொலைவு போகும் என்பது பொது நம்பிக்கை. அறிஞர்களோ கலிலியோ காட்டிய வழியில், எறிபொருள் பரவளைவுப் பாதையில் செல்லும் என்று கணக்கிட்டு, காற்றின் தடையைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டனர். ஈயத்தின் எடைக்கு முன் காற்று எம்மாத்திரம் என்று எண்ணினர்.

இவ்விரு சாராரிடமும் இல்லாத ஒன்று ராபின்ஸுக்குத் தேவைப்பட்டது. அது குண்டின் வேகம். கண்ணால் பின்தொடர முடியாத ஒன்றை எவ்வாறு அளப்பது? இதற்கு அவர் கண்ட வழி மிக எளிமையானது. கனத்த மரப்பலகை பொருத்திய இரும்பு ஊசல் ஒன்றை முக்காலியிலிருந்து தொங்கவிட்டார். குண்டு பலகையில் பாய்ந்து தங்கும். ஊசல் பின்னோக்கி ஆடும். ஊசலின் கீழே கட்டிய நாடா எவ்வளவு இழுக்கப்பட்டதென்று பார்த்தால் ஆட்டத்தின் அளவு தெரியும். ஊசலின் எடையும் குண்டின் எடையும் தெரிந்தமையால், மோதிய நொடியில் குண்டுக்கு இருந்த வேகத்தை நியூட்டனின் விதிகளைக் கொண்டு கணக்கிடலாம். விரைந்து செல்லும் சிறு பொருளின் வேகத்தை, மெல்ல ஆடும் பெரும்பொருளின் வேகமாக மாற்றிவிடும் இந்த உத்தி, இன்றும் கல்லூரி இயற்பியல் பாடங்களில் ஊசல் சோதனையாகக் கற்பிக்கப்படுகிறது.

முக்கால் அங்குல விட்டமும் ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடையும் உள்ள ஈயக்குண்டுகளை அவர் சுட்டுப் பார்த்தார். ஊசல் 25 அடி தொலைவில் இருக்கும்போது வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,670 அடி. 75 அடியில் 1,550. 125 அடியில் 1,425. நூறு அடி தொலைவைக் கடப்பதற்குள் குண்டு தன் வேகத்தில் ஏழில் ஒரு பங்கை இழந்துவிட்டது. இதிலிருந்து கணக்கிட்டால், அக்குண்டை எதிர்க்கும் காற்றின் தடை அதன் எடையைப் போல் ஏறத்தாழ 120 மடங்கு. ஒன்றுமில்லை என்று அறிஞர்கள் ஒதுக்கிய காற்று, பத்து பவுண்டு கனத்தோடு எதிர்த்து நின்றது. காற்றே இல்லாவிடில் 17 மைல் பறக்க வேண்டிய குண்டு, உண்மையில் ஒரு மைல் கூடப் போகாமல் விழுவதன் காரணம் விளங்கியது. ஒலியின் வேகத்தை அண்மும்போது இத்தடை திடீரென மிகுகிறது என்பதையும் அவர் கண்டறிந்தார். ஒலியை விஞ்சும் விமானங்கள் இருபதாம் நூற்றாண்டில் எதிர்கொண்ட தடையின் முதல் அடையாளம் அது.

மருந்தைப் பற்றிய ஆய்வும் இதே நேர்மையோடு நடந்தது. மருந்து எரியும்போது அதன் கன அளவைப் போல் 244 மடங்கு வளி உண்டாகிறது என்றும், எரிதலின் வெம்மையால் அந்த வளியின் அழுத்தம் மேலும் நான்கு மடங்காகிக் காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கை எட்டுகிறது என்றும் அவர் மதிப்பிட்டார். அந்த வளி விரியும்போது குழலின் நீளம் முழுவதும் குண்டைத் தள்ளிக்கொண்டே செல்கிறது. ஆகவே மருந்தின் அளவு, குண்டின் எடை, குழலின் நீளம் ஆகிய மூன்றும் தெரிந்தால், குண்டு வெளிப்படும் வேகத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கணக்கும் ஊசலும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தன. மருந்தை இரட்டித்தால் வேகம் இரட்டிப்பதில்லை என்பது தெளிவாயிற்று. கூடுதலாகப் பெற்ற வேகத்தையும் காற்று முதல் சில நூறு அடிகளிலேயே விழுங்கிவிடும். ஆதலின் வேலைக்குப் போதிய அளவு மருந்தே சிறந்த அளவு என்று அவர் முடிவு செய்தார். ஈரம் பிடித்த மருந்து வலிமை குன்றும் என்பதையும் அவர் எழுதி வைத்தார். தம் குண்டைத் தாமே வார்த்து, மருந்தை நிறுத்து, சுட்டு, வேகத்தை அளந்து, அளவைத் திருத்தி மீண்டும் சுடுகின்ற இன்றைய வேட்டைத் துப்பாக்கிக்காரர்கள், அறிந்தோ அறியாமலோ ராபின்ஸ் வகுத்த வழியிலேயே நடக்கின்றனர்.

நூல் வெளிவந்த மூன்றாண்டுகளில் நிகழ்ந்தது அறிவுலகத்தின் பெருந்தன்மைக்கு ஒரு சான்று. பெர்லினில் இருந்த ஆய்லர், பிரஷ்ய மன்னர் பிரெடரிக்கிற்காக இந்நூலைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1745இல் வெளியிட்டார். மூல நூலைப் போல் பன்மடங்கு விரிந்த விளக்கவுரையும் எழுதிச் சேர்த்தார். தம்மைக் கடிந்து எழுதிய ஒருவரின் நூலுக்கு அவர் அளித்த பரிசு அது. கருத்து வேறுபட்ட இடங்களில் அவர் தயங்காமல் மறுத்தும் எழுதினார். பின்னாளில் இளம் பீரங்கிப்படை அலுவலராக ஒசோன் நகரில் பயின்ற நெப்போலியனும் 1788இல் ராபின்ஸின் கருத்துகளைக் குறிப்பெடுத்துப் படித்தார்.

ராபின்ஸ் அத்தோடு நிற்கவில்லை. ஒரே குழல், ஒரே மருந்து, ஒரே குறி என்று சுட்டாலும் குண்டுகள் வலப்புறமும் இடப்புறமும் சிதறுவது ஏன்? குழலின் சுவரில் உரசி வெளிவரும் உருண்டை சுழல்கிறது. சுழலும் உருண்டையைக் காற்று ஒருபுறமாகத் தள்ளுகிறது என்று அவர் கருதினார். இதை மெய்ப்பிக்க ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்புறமாக வளைத்து, வழியில் மெல்லிய தாள் திரைகளைக் கட்டிச் சுட்டார். இடப்புறம் புறப்பட்ட குண்டு பின்னர் வளைந்து வலப்புறம் சென்றதைத் திரைகளின் துளைகள் காட்டின. ஆய்லர் இதை ஏற்கவில்லை; உருண்டையின் வடிவக் குறையே காரணம் என்றார். நூறாண்டு கழித்து ஜெர்மானிய அறிஞர் மேக்னஸ் செய்த ஆய்வு ராபின்ஸின் பக்கமே நின்றது. எனினும் அவ்விளைவு மேக்னஸின் பெயராலேயே பெரிதும் வழங்குகிறது.

சிதறலைத் தடுக்க வழி, குண்டைத் தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழல வைப்பது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வேட்டையாடுவோர் உட்புறம் திருகு வரிகள் வெட்டிய ரைஃபிள் குழல்களை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர்; காரணம் மட்டும் தெரியாதிருந்தது. 1747இல் இராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில் ராபின்ஸ் அதை விளக்கினார். முட்டை வடிவக் குண்டுகளையும் பரிந்துரைத்தார். இதன் இயல்பை முழுதும் உணர்ந்து தன் படைக்கு முதலில் அளிக்கும் நாடு மற்ற நாடுகளை விஞ்சும் என்று முன்னுரைத்தார். அதற்கு முந்திய ஆண்டுக்குரிய கோப்ளி பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. ஆனால் படைத்துறையினர் அவர் சொன்னதைக் கேட்க நூறாண்டு ஆயிற்று. நீள்வடிவக் குண்டும் ரைஃபிள் குழலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் படைகளில் பரவலாயின.

1749இல் அவர் முன் இரண்டு வாய்ப்புகள் இருந்தன. ஒன்று, வட அமெரிக்காவின் அக்கேடியா எல்லை குறித்துப் பாரிஸில் பிரெஞ்சுக்காரருடன் பேசும் குழுவில் இடம். மற்றொன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் பதவி. அவர் இந்தியாவைத் தேர்ந்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய சென்னை, 1749இல்தான் உடன்படிக்கைப்படி திரும்பக் கிடைத்திருந்தது. ஓட்டையான கோட்டைகளைச் சீர்செய்ய ஓர் அறிஞர் வேண்டியிருந்தது. வானியல் கருவிகளையும் உடன் எடுத்துக்கொண்டு புறப்பட்ட ராபின்ஸ், 1750 ஜூலையில் புனித டேவிட் கோட்டையில் இறங்கினார். அப்போது கம்பெனியின் தலைமையிடம் அதுவே.

கடலூருக்கும் சென்னைக்கும் அரண்கள் வரைவதில் அவர் முழுமூச்சாக இறங்கினார். வெளியே சந்தா சாகிபும் முகமது அலியும் ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்காகப் போரிட்டுக்கொண்டிருந்தனர். அவர்கள் பின்னே பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நின்றனர். வந்த இரண்டே மாதங்களில் காய்ச்சல் அவரைப் பற்றியது. தேறினார், ஆயினும் பழைய வலு திரும்பவில்லை. ஒரு மருந்தின் அளவைத் துல்லியமாகக் கண்டவருக்கு மற்றொரு மருந்து வாய்க்கவில்லை. 1751 ஜூலை 29ஆம் நாள், கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கையில், கையில் பேனாவோடு அவர் உயிர் நீத்தார் என்பர். அப்போது அவருக்கு 44 வயதளவு. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய எழுத்துகளை நண்பர் ஜேம்ஸ் வில்சன் தொகுத்து 1761இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்.

அவர் இறந்த கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தகர்த்தார். அதே லாலி அடுத்துச் சென்னையை முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் வெறுங்கையோடு திரும்பினார். ராபின்ஸ் வரைந்த திட்டங்களைப் பின்வந்த பொறியாளர்கள் மாற்றியும் விரித்தும் எழுப்பிய அரண்கள் சென்னையைக் காத்து நின்றவற்றுள் அடங்கும்.

ராபின்ஸின் அறிவு கொலைக் கருவிகளுக்குக் கூர்மை சேர்த்தது. அயலாட்சி இம்மண்ணில் காலூன்றவும் துணை நின்றது. இதை மறைத்து அவரைப் புகழ்வது முறையாகாது. ஆனால் கைப்பழக்கத்தையும் வெறும் ஏட்டுக் கணக்கையும் ஒருங்கே ஐயுற்று, ஈயக்குண்டையும் மரப்பலகையையும் கேட்டு விடை பெற்ற அவர் முறை எல்லா அறிவுத்துறைக்கும் பொது. குண்டு விழுந்த இடத்தை எல்லை என்று கொண்ட ஊரில், அது ஏன் அங்கே விழுந்தது என்று கேட்ட மனிதரின் வாழ்வு முடிந்தது. கெடிலக் கரையில் மிஞ்சியிருக்கும் சுவர்களைக் காணச் செல்வோர், அக்கோட்டையை ஆண்டவர்களோடு அவரையும் ஒரு கணம் நினைத்தல் தகும்.