கணக்கில் கண்ட கோள்

வானத்தை நோக்கிக் கோள்களைக் கண்டவர் பலர். தாளில் கணக்கிட்டே ஒரு கோளின் இருப்பிடத்தைக் காட்டியவர் பிரெஞ்சு வானியலறிஞர் உர்பேன் லெவெரியே.

இவர் 1811ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் நார்மண்டிப் பகுதியிலுள்ள சென்லோ என்னும் ஊரில் பிறந்தார். மகனைப் பாரிசில் படிக்கவைக்கத் தந்தை தம் வீட்டையே விற்றார். எக்கோல் பாலிடெக்னிக் கல்விக்கூடத்தில் பயின்ற லெவெரியே, முதலில் வேதியியல் ஆய்வில் ஈடுபட்டார். 1837இல் அங்கேயே வானியல் ஆசிரியப் பணி கிடைத்ததும், தம் கணிதத் திறன் முழுவதையும் வானியலுக்கு அளித்தார்.

சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றும் கோளைப் பிற கோள்களும் சிறிது ஈர்க்கின்றன. அதனால் அதன் பாதை உலைகிறது. சூரியனின் ஈர்ப்பை மட்டும் கொண்டு முதலில் பாதையைக் கணித்து, பிற கோள்கள் விளைவிக்கும் சிறு மாறுதல்களைப் படிப்படியாகச் சேர்த்துத் திருத்தும் முறையே உலைவுக் கோட்பாடு. லக்ராஞ்சு, லாப்லாஸ் முதலியோர் வளர்த்த இம்முறையில் லெவெரியே வல்லவரானார்.

1781இல் கண்டறியப்பட்ட யுரேனஸ், கணித்த இடத்தைவிட்டுச் சற்றே விலகிச் சென்றது. வியாழன், சனி ஆகியவற்றின் ஈர்ப்பைச் சேர்த்தும் அவ்விலகல் தீரவில்லை. காணப்படாத கோளொன்று அதனை ஈர்க்கிறது எனக் கருதிய லெவெரியே, விலகலிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அக்கோளின் இருப்பிடத்தைக் கண்டார். அதனைப் பெர்லின் வானாய்வகத்தைச் சேர்ந்த காலே என்பவருக்கு மடலில் தெரிவித்தார். மடல் கிடைத்த 1846 செப்டம்பர் 23ஆம் நாள் இரவே, குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் தென்பட்டது. இங்கிலாந்தில் ஆடம்ஸ் என்பவரும் தனித்து இக்கணக்கை ஆராய்ந்திருந்தார்.

1854இல் லெவெரியே பாரிஸ் வானாய்வக இயக்குநரானார். கடுமையான நிருவாகத்தால் 1870இல் அப்பதவியை இழந்து, 1873இல் மீண்டும் பெற்றார். இதற்கிடையே, புதன் சூரியனை மிக நெருங்கும் இடம், பிற கோள்களின் ஈர்ப்பைக் கணக்கிட்ட பின்னும், நூற்றாண்டுக்கு 38 விகலை கூடுதலாக நகர்வதை 1859இல் வெளிப்படுத்தினார். முன்போலவே புதிய கோள் ஒன்றே காரணம் என நம்பினார். வல்கன் எனப் பெயரிடப்பட்ட அக்கோளைப் பலரும் தேடினர். அப்படியொரு கோளே இல்லை. நெப்டியூன் தென்பட்ட அதே செப்டம்பர் 23ஆம் நாளில், 1877இல், லெவெரியே மறைந்தார்.

அவர் கூறிய காரணம் பிழையாயிற்று. அவர் கண்ட விலகலோ உண்மையாக நின்றது. பின்னர் 43 விகலை எனத் திருத்தப்பட்ட அதனை, 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு விளக்கியது. ஒரு பாகையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே ஆன வேறுபாட்டையும் புறக்கணியாது பதிந்து வைத்த லெவெரியேயின் நேர்மை, புதிய இயற்பியலுக்கு ஒரு சான்றாயிற்று.