துப்பாக்கி பிடித்த கையில் கேமரா: புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் காட்டுக்குக் காவலரானது எப்படி?

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகம், சமஸ்தான காலத்தில் 1910-ல் தொடங்கப்பட்டது. பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போய் வந்த பிள்ளைகளுக்கு, பாடம் செய்து வைத்திருக்கும் விலங்குகள் கண்டிப்பாக நினைவிருக்கும். இன்று செல்போனைத் தட்டினால் புலி குட்டியோடு விளையாடுவதைக்கூடப் பார்த்துவிடலாம். நூறு வருஷத்துக்கு முன்னால் நிலைமை வேறு. ஒரு காட்டு விலங்கைப் பக்கத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால், பெரும்பாலும் அது உயிரில்லாமல் இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் காட்டை நன்றாகத் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்களில் நிறையப் பேர் வேட்டைக்காரர்கள்தான். ராஜாக்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் வேட்டைக்கென்றே காடுகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். புதுக்கோட்டை சமஸ்தானமும் இதற்கு விலக்கில்லை. சுட்ட புலிக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வது அன்றைக்குப் பெரிய கௌரவம். அந்த போட்டோவில் கேமராவுக்கு இருந்த வேலை, துப்பாக்கி செய்த வேலைக்குச் சாட்சி சொல்வது மட்டும்தான்.

இந்த வழக்கத்தை மாற்றிப்போட்ட சிலரில் முக்கியமானவர் ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர் என்றுதான் உலகம் அவரை அறியும். ஆனால் வாழ்க்கையின் பின்பாதியில் அவருக்குப் பெரிய ஆசையாக இருந்தது, புலியை உயிரோடு ஃபிலிமில் பிடிப்பது.

யார் இந்த ஜிம் கார்பெட்?

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட், 1875 ஜூலை 25-ம் தேதி நைனிடாலில் பிறந்தார். அப்பா கிறிஸ்டோபர் வில்லியம் கார்பெட், அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம், நிறைய பிள்ளைகள். ஜிம்முக்கு 5 வயதாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அதன் பிறகு அம்மா மேரி ஜேன்தான் சொற்ப வருமானத்தில் குடும்பத்தை நடத்தினார்.

வெயில் காலத்தில் நைனிடால், குளிர் காலத்தில் மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கி. இதுதான் குடும்பத்தின் வழக்கம். காலாதுங்கி வீட்டைச் சுற்றிக் காடு. அந்தக் காடுதான் சிறுவன் ஜிம்முக்குப் பள்ளிக்கூடம். கள்ள வேட்டையாடும் குன்வர் சிங் என்ற ஊர்க்காரர் ஒரு வாத்தியார். எந்தப் பறவை எதைப் பார்த்துக் கத்துகிறது, புள்ளிமான் எப்போது எச்சரிக்கைக் குரல் கொடுக்கும், மண்ணில் பதிந்த தடம் எத்தனை நேரத்துக்கு முந்தியது என்பதையெல்லாம் ஜிம் அந்த வயதிலேயே படிக்கக் கற்றுக்கொண்டார். விலங்குகளைப் போலவே குரல் கொடுக்கவும் பழகினார்.

கையில் கிடைத்த முதல் துப்பாக்கிக்கும் ஒரு கதை உண்டு. உறவுக்காரர் ஸ்டீபன் டீஸ், குமாவோன் பகுதிப் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதப் பறவைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஜிம் பறவைகளைப் பிடித்துக் கொடுத்தார். அதற்குப் பரிசாகப் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வந்தது. ஒரு குழல் வெடித்துப்போனது, பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டியது. மிச்சமிருந்த ஒரு குழலை வைத்துக்கொண்டு பையன் காட்டுக்குள் போக ஆரம்பித்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பறவையைப் பற்றிப் புத்தகம் எழுதவே பறவையைக் கொல்ல வேண்டியிருந்த காலம் அது. இயற்கையை நேசிப்பதும் அதைச் சுடுவதும் ஒரே ஆளிடம் இருந்தால் யாருக்கும் அது உறுத்தலாகத் தெரியவில்லை. ஜிம்மும் அந்தக் காலத்துப் பிள்ளைதான்.

ரயில்வே வேலை டு ஆட்கொல்லி வேட்டை

பள்ளிப் படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம். பெங்கால் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயில் சேர்ந்தார். பிறகு பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மோகாமா காட்டில், ஒரு ரயிலிலிருந்து இறக்கிய சரக்கை ஆற்றைக் கடந்து இன்னொரு ரயிலுக்கு மாற்றும் ஒப்பந்தத்தை எடுத்து நடத்தினார். 20 வருஷத்துக்கு மேல் அவர் பிழைப்பு அதுதான். வேட்டை அவருக்குத் தொழில் கிடையாது. லீவு கிடைக்கும்போது ஊருக்கு வருவார். வந்த இடத்தில்தான் ஆட்கொல்லிகள் அவரைத் தேடி வந்தன.

முதலாவது சம்பாவத் பெண்புலி. நேபாளத்தில் சுமார் 200 பேர், பிறகு எல்லை தாண்டி குமாவோனில் 236 பேர், ஆக மொத்தம் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907-ல் கார்பெட் அதைச் சுட்டார். அடுத்து 1910-ல் பனார் சிறுத்தை. அதன் கணக்கில் 400 உயிர். 1918 முதல் 1926 வரை கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை வழியை நடுங்க வைத்த ருத்ரபிரயாக் சிறுத்தை 125 பேரைக் கொன்றது. பொழுது சாய்ந்தால் கதவைத் திறக்க ஆளில்லை. 1926 மே மாதம் ஒரு ராத்திரி, மாமரத்தின் மேல் காத்திருந்து அதையும் கார்பெட் முடித்தார்.

சம்பாவத் வேட்டைக்கு ஒப்புக்கொண்டபோது அவர் போட்ட நிபந்தனைகள் இரண்டு. அரசு அறிவித்த பரிசுத் தொகையை ரத்து செய்யணும். மற்ற வேட்டைக்காரர்களை அந்தப் பகுதியிலிருந்து வெளியேற்றணும். காசுக்காகச் சுடுகிறவன் என்ற பெயர் வேண்டாம் என்பது ஒரு காரணம். அவசரக் கையில் உள்ள துப்பாக்கி தவறான இடத்தில் வெடிக்கும் என்பது இன்னொன்று.

புலி ஏன் ஆட்கொல்லி ஆகிறது?

சுட்ட பிறகு உடலை ஆராய்வது கார்பெட்டின் பழக்கம். சம்பாவத் புலியின் வலது பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. காரணம், எப்போதோ யாரோ சுட்ட பழைய குண்டு. இயல்பான இரையைக் கடித்துப் பிடிக்க முடியாமல் போன புலி அது. வேறு சில புலிகளின் உடம்பில் முள்ளம்பன்றி முட்கள் ஆழமாக ஏறியிருந்தன. சிலவற்றில் ஆறாத குண்டுக் காயம்.

புலி பிறவியிலேயே மனிதனைத் தின்னும் ஜந்து என்று நம்பிய காலத்தில், கார்பெட் வேறு முடிவுக்கு வந்தார். காயமோ முதுமையோதான் பெரும்பாலும் புலியை அந்த வழிக்குத் தள்ளுகிறது. பல நேரம் அந்தக் காயத்தைக் கொடுத்ததே பொழுதுபோக்குக்குச் சுட்டவர்களின் குறி தப்பிய குண்டு. அதாவது, ஒரு துப்பாக்கி உண்டாக்கிய பிரச்னையைத் தீர்க்க இன்னொரு துப்பாக்கி போகிறது. இதை ஊருக்கு ஊர் நேரில் பார்த்தவர் அவர்.

கேமரா எப்போது கைக்கு வந்தது?

1920-களின் கடைசியில் கார்பெட் முதல் கேமராவை வாங்கினார். அதற்குத் தூண்டுதல், நண்பர் எஃப்.டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில் வனத்துறை அதிகாரி. காட்டுப் பாதையின் குறுக்கே கம்பி கட்டி, ராத்திரியில் புலி வந்து அதைத் தொட்டதும் ஃபிளாஷ் அடித்துப் படம் பதிவாகும்படி செய்தவர். தன் படமெடுத்த அனுபவங்களை 1927-ல் புத்தகமாகவும் கொண்டுவந்தார். புலியின் கோடுகள் ஒன்றுக்கொன்று வேறுபடும், அதை வைத்து ஒவ்வொரு புலியையும் அடையாளம் காணலாம் என்று கவனித்தவரும் அவரே.

கார்பெட் தேர்ந்தெடுத்தது சினிமா கேமராவை. சாம்பியனின் கேமரா ஆளில்லாமல் காத்திருக்கும். கார்பெட்டுக்கோ கேமராவுக்குப் பின்னால் தானே இருக்கணும்.

சுடுவதை விடப் படம் எடுப்பது கஷ்டம் என்பது சீக்கிரமே புரிந்தது. துப்பாக்கிக்கு ஒரு நொடி போதும், தூரமும் பெரிய பிரச்னை இல்லை. அந்தக் காலத்து சினிமா கேமராவுக்கு நல்ல வெளிச்சம் வேணும், புலி பக்கத்தில் வேணும், அதுவும் பயப்படாமல் கொஞ்ச நேரம் நிற்க வேணும். இன்னொரு தொல்லை சத்தம். சாவி கொடுத்த கேமரா ஓடும்போது வரும் கரகரப்பைக் கேட்டால் போதும், புலி அடுத்த நிமிஷம் அங்கே இருக்காது.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் சுவாரஸ்யம். காட்டுக்குள் ஒரு சிறிய ஓடையைத் தேர்ந்தெடுத்து, அதில் சின்னச் சின்ன அணை கட்டினார். தண்ணீர் விழும் சலசலப்பில் கேமராவின் சத்தம் அமுங்கிப்போனது. அதுதான் அவருடைய ஸ்டுடியோ. பல மாதம் பொறுமையாகப் புலிகளை அந்தப் பக்கம் வரப் பழக்கினார். கடைசியில் 7 புலிகள் அந்த இடத்துக்கு வந்து போயின. அதில் ஒன்று வெள்ளை நிறப் பெண்புலி.

தடம் பார்ப்பது, காற்று வீசும் திசையறிந்து உட்காருவது, மணிக்கணக்கில் அசையாமல் இருப்பது. வேட்டையில் கற்ற இந்த வித்தை எல்லாம் அப்படியே படம் எடுக்கவும் பயன்பட்டது. ஆனால் பலன் வேறு. புலித்தோல் ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்கும், பூச்சி அரிக்கும். படத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், புலியும் காட்டிலேயே இருக்கும். நல்ல படம் தரும் சந்தோஷம் சுட்ட புலியின் தோல் தருவதைவிடப் பெரியது என்பதைக் கார்பெட் வெளிப்படையாகவே எழுதினார். நைனிடால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டைப் பற்றிப் பேசினார், விலங்குகளைப் போலக் குரல் கொடுத்துக் காட்டினார்.

அப்போ வேட்டையை விட்டுட்டாரா?

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகிறது. கேமரா வந்த மறுநாளே அவர் துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. பவல்கர் காட்டில் பல வேட்டைக்காரர்களுக்குக் கண்ணாமூச்சி காட்டிய பெரிய ஆண்புலி ஒன்று இருந்தது. யாரையும் கொன்ற புலி இல்லை. அதை 1930-ல் சுட்டவர் கார்பெட்தான். வைஸ்ராய் லின்லித்கோ போன்றவர்களின் வேட்டைப் பயணங்களுக்கும் அவர் துணை நின்றார். பாதுகாப்பு பேசியவரே இதையும் செய்தார் என்பது அவர் மேல் இன்றும் வைக்கப்படும் விமர்சனம். அதில் நியாயம் இருக்கிறது.

ஆட்கொல்லி என்று ஊர் ஜனங்கள் வந்து நின்றால் மறுக்க அவரால் முடியவில்லை. 1938 நவம்பரில் தாக் கிராமத்துப் பெண்புலியைச் சுட்டபோது அவருக்கு வயது 63. அதுதான் கடைசி ஆட்கொல்லி. ஒரே தோளில் ஒரு பக்கம் துப்பாக்கி, இன்னொரு பக்கம் கேமரா. சுமார் 10 வருஷம் அவர் அப்படித்தான் நடந்தார்.

இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா

புலிகள் வேகமாகக் குறைவதை அவர் கண்ணாலேயே பார்த்தார். சாம்பியன் போன்றவர்களோடு சேர்ந்து காப்புக்காடு வேண்டும் என்று குரல் கொடுத்தார். 1936 ஆகஸ்ட் 8-ம் தேதி ராம்கங்கா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவானது. முன்னாள் மாகாண ஆளுநர் மால்கம் ஹெய்லியின் பெயரில் ஹெய்லி தேசியப் பூங்கா என்று அழைக்கப்பட்டது.

1944-ல் கார்பெட்டின் புத்தகமான குமாவோன் ஆட்கொல்லிகள் வெளிவந்தது. உலகம் முழுக்க விற்றது. அதைப் படித்தவர்கள் புலியைப் பார்த்துப் பயந்தார்கள். கூடவே, புலி பெருந்தன்மையான விலங்கு என்ற எண்ணத்தையும் சேர்த்தே எடுத்துப்போனார்கள்.

கென்யாவில் கடைசிக் காலம்

இந்தியா சுதந்திரம் அடைந்த 1947-ல், தங்கள் நிலை என்னவாகுமோ என்ற கவலையில் கார்பெட்டும் அக்கா மேகியும் கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இருவருமே திருமணம் செய்துகொள்ளாதவர்கள். நையெரி என்ற ஊரில் தங்கினார்கள். அங்கேயும் கார்பெட் கேமராவை விடவில்லை, ஆப்பிரிக்க விலங்குகளைப் படம் எடுத்தார்.

1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்கே மரத்தின் மேல் கட்டிய ட்ரீடாப்ஸ் விடுதிக்கு வந்தபோது, கார்பெட்டும் உடன் இருந்தார். கீழே தண்ணீர் குடிக்க வந்த விலங்குகளை இளவரசி தன் சினிமா கேமராவில் படம் பிடித்தார். அன்று ராத்திரி, 76 வயது கார்பெட் ஏணிப்படியில் துப்பாக்கியோடு காவல் இருந்தார். அந்த இரவில்தான் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாமில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்தார், இளவரசி ராணியானார்.

1955 ஏப்ரல் 19-ம் தேதி நையெரியில் கார்பெட் மாரடைப்பால் இறந்தார். வயது 79. அதன் பிறகு அந்த முதல் தேசியப் பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1968-ல் இந்தோ-சீனப் புலி வகையின் அறிவியல் பெயரிலும் கார்பெட் பெயர் சேர்ந்தது.

இன்று என்ன ஆனது?

1972-ல் எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுக்க 1,827 புலிகள்தான் இருந்தன. அதே வருஷம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரல் 1-ம் தேதி புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது கார்பெட் பூங்காவில்தான். அவர் அந்தப் பெரிய ஆண்புலியைச் சுட்ட பவல்கர் காடும் 2012-ல் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. காலாதுங்கி வீடு இப்போது அருங்காட்சியகம்.

தமிழ்நாட்டில் இப்போது ஆனைமலை, களக்காடு முண்டந்துறை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை என 5 புலிகள் காப்பகங்கள் உள்ளன. 2022 கணக்குப்படி மாநிலத்தில் 306 புலிகள். இந்த எண்ணிக்கை எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? காட்டு வழித்தடங்களில் மரத்தில் கட்டி வைத்த தானியங்கி கேமராக்களில் பதிவாகும் படங்களை வைத்து, ஒவ்வொரு புலியின் கோடுகளையும் ஒப்பிட்டுத்தான். சாம்பியன் கம்பி கட்டிச் செய்த வேலையின் வளர்ந்த வடிவம் இது.

ஒரு காலத்தில் காட்டில் எத்தனை புலி என்பதற்கு வேட்டைக்காரர்களின் தோல் கணக்கே பதிலாக இருந்தது. இன்று அந்தக் கேள்விக்குப் பதில் கேமராவில் இருக்கிறது. படத்தில் பதிவான புலி, அடுத்த நொடியே தன் வழியைப் பார்த்து நடந்துபோய்விடுகிறது.