ஆயிரம் முகங்கொண்ட நடிகர்

அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில் 1883ஆம் ஆண்டு லான் சேனி பிறந்தார். அவர்தம் பெற்றோர் இருவரும் செவிப்புலன் அற்றவர்கள். ஆதலின், முகக்குறிப்பாலும் கையசைவாலும் கருத்துணர்த்தும் ஆற்றல் அவருக்கு இளமையிலேயே வாய்த்தது. நாடக மேடையில் பயின்ற அவர், பின்னர்ப் பேசாப் படங்களில் புகுந்தார்.

அக்காலத்து நடிகர்கள் தம் ஒப்பனையைத் தாமே செய்துகொள்வது வழக்கம். சேனி அதனை அருங்கலையாக உயர்த்தினார். தோலில் தடவியதும் உலர்ந்து சுருங்கும் கொலோடியன் என்னும் நீர்மத்தால், காயம்படாத முகத்தில் தழும்புகளை உண்டாக்கினார். 1923இல் கூனனாக நடித்தபோது, கனத்த போலிக் கூனைச் சுமந்து உடல் வருந்தினார். காண்போர் அஞ்சினால் மட்டும் போதாது. உருக்குலைந்தோர்பால் இரங்கவும் வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

1930இல் முதன்முறையாகப் பேசும் படத்தில் நடித்து, பல குரல்களில் பேசி வியப்பூட்டினார். அவ்வாண்டிலேயே நோயுற்று மறைந்தார். அப்படமே அவர்தம் இறுதிப் படமும் ஆயிற்று.